அச்சம் அகற்றும் ஆத்தும சோதனை

2004ஆம் ஆண்டு திசம்பர் 26ஆம் நாள், கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவுக்கு மறுநாள் ஞாயிறு. அன்று காலை ஆழிப்பேரலை வட சென்னையின் மீனவக் குப்பங்களுக்குள் புகுந்தபோது, நாம் குருப்பட்டம் பெற்றுச் சில ஆண்டுகளே ஆன உதவிப் பங்குத்தந்தையாய் ஒரு கடலோரப் பங்கில் பணியாற்றி வந்தோம். அடுத்த ஞாயிறு திருப்பலியில் மனந்திரும்புதலைப் பற்றி உரத்த குரலில் மறையுரை ஆற்றினோம். நம் குடிப்பழக்கம், நம் தெருச் சண்டைகள், ஞாயிறு பூசைக்கு வாராத நம் சோம்பல் ஆகியவற்றை ஒவ்வொன்றாய் எடுத்துரைத்து, கடல் சீறியதில் நமக்கு ஓர் எச்சரிக்கை இருப்பதாகவும் சொல்லி முடித்தோம். மக்கள் அழுதனர். மறையுரை நன்கு அமைந்ததென்றே நாம் எண்ணிக்கொண்டோம்.

பூசை முடிந்து கோவில் முற்றத்தில் நின்றபோது ஒரு தாய் நம்மிடம் வந்தார். கரையில் விளையாடச் சென்ற மகனை அலைக்குப் பறிகொடுத்தவர். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அன்று, பலர் நின்ற முற்றத்தில் அவர் கேட்டதாதலால் அதை இங்கே எழுதுவதில் குற்றமில்லை. “சாமி, நீங்க சொன்னதுல எது என்னோட பாவம்? எதுக்காவ எம் புள்ள போனான்?” என்றார். நம்மிடம் விடை இல்லை. “ஜெபம் செய்யம்மா” என்று சொல்லிவிட்டுத் திருப்பண்ட அறைக்குள் நுழைந்துகொண்டோம்.

இருபது ஆண்டுகளுக்கு மேல் சென்றுவிட்டன. தன்னைத் தானே ஆராய்ந்து பார்ப்பதும், தன்னைத் தானே குத்திக் கிழித்துக்கொள்வதும் ஒன்றுதானா என்னும் கேள்வி அன்று முதல் நம்மை விட்டு அகலவில்லை. தவக்காலந்தோறும் ஆத்தும சோதனை செய்யுங்கள் என்று மக்களிடம் சொல்கிறோம். அச்சோதனை ஒரு தாயின் நெஞ்சில் இல்லாத பாவத்தைத் தேட வைக்குமானால், அது எந்த ஆவியினால் வருவது? திருச்சபையின் வரலாற்றிலும் நம் தமிழ் மண்ணின் வரலாற்றிலும் இதற்கு விடை தேடியதன் பயனே இக்கட்டுரை.

இராயப்பரின் ஊர்

விடையின் முதற்பகுதி நம் ஊர்ப்பெயரிலேயே இருக்கிறது. இராயபுரம் என்பது புனித இராயப்பரின் பெயரால் அமைந்த ஊர். இன்று பேதுரு என்று நாம் வாசிக்கும் திருத்தூதரையே நம் பாட்டனார் இராயப்பர் என்று அன்போடு அழைத்தனர். சென்னையில் துறைமுகம் கட்டப்படுவதற்கு முன்னர், வந்த கப்பல்கள் கரையை நெருங்க இயலாமல் தொலைவில் நங்கூரமிட்டு நின்றன. ஆணி அறையாமல் கயிற்றால் பலகைகளைத் தைத்துக் கட்டிய மசூலாப் படகுகளே சரக்கையும் பயணிகளையும் அலைகளைக் கடந்து கரை சேர்த்தன. அப்படகுத் தொழிலில் ஈடுபட்டிருந்த குருகுல வம்சத்துக் கத்தோலிக்கர் 1829ஆம் ஆண்டில் எழுப்பிய ஆலயமே புனித இராயப்பர் ஆலயம்.

நாள்தோறும் அலையோடு போராடிய அம்மக்கள் தங்கள் பாதுகாவலராய்த் தெரிந்துகொண்டவர் யார் என்பதை எண்ணிப் பார்ப்போம். கடல்மேல் நடக்க முற்பட்டு, காற்றைக் கண்டு அஞ்சி, அமிழத் தொடங்கியவர். வலை கிழியும் அளவுக்கு மீன் பட்டபோது மகிழாமல், தாம் பாவி என்றும் ஆண்டவர் தம்மை விட்டு அகலவேண்டும் என்றும் முழந்தாளிட்டு மன்றாடியவர். அவருடைய தன்னிகழ்ச்சி அங்கே அச்சத்தோடு கலந்திருந்தது. அகலவேண்டும் என்று சொன்னவரிடம் இயேசு அவர்தம் பாவங்களின் பட்டியலைக் கேட்கவில்லை. அஞ்சாதே என்று சொல்லி, மனிதரைப் பிடிக்கும் பணியை அவர் கையில் ஒப்படைத்தார்.

பின்னர் வந்தது தலைமைக் குருவின் முற்றம். அங்கே கரிநெருப்பு மூட்டிக் குளிர்காய்ந்தோர் நடுவில் இராயப்பர் தம் ஆண்டவரை மும்முறை மறுதலித்தார். வெளியே சென்று மனம் கசந்து அழுதார். அதே நாளில் யூதாசும் மனம் வருந்தினான் என்று மத்தேயு எழுதுகிறார். முப்பது வெள்ளிக்காசைத் திருப்பிக் கொண்டுவந்து, மாசற்றவரைக் காட்டிக்கொடுத்ததை வெளிப்படையாய் ஒப்புக்கொண்டான். தன் குற்றத்தை அறிவதில் யூதாஸ் இராயப்பருக்குப் பின்னடையவில்லை. ஆனால் அதை அவன் சொன்ன இடம், அது எங்களுக்கு என்ன என்று கைவிரித்தோர் இடம். அன்பில்லாதவர் முன்னே சொன்ன உண்மை அவன் கழுத்துக்கே கயிறாயிற்று.

இராயப்பருக்கோ திபேரியாக் கடற்கரையில் இன்னொரு விடியல் வாய்த்தது. அங்கும் கரிநெருப்பு, அதன்மேல் மீனும் அப்பமும். யோவான் நற்செய்தியில் கரிநெருப்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல் புதிய ஏற்பாட்டில் இவ்விரு இடங்களில் மட்டுமே வருகிறது. மறுதலித்த நெருப்பை நினைவூட்டும் நெருப்பின் அருகிலேயே ஆண்டவர் அவரை அமர்த்தினார். ஏன் மறுத்தாய் என்று அவர் கேட்கவில்லை. தம்மீது அன்பு உண்டா என்று மும்முறை கேட்டார். மூன்றாம் முறை இராயப்பர் மனம் நொந்தார். இருப்பினும் இம்முறை தம்மை உயர்த்திப் பேசவும் இல்லை, தம்மைப் பழித்து ஒதுங்கவும் இல்லை. ஆண்டவர் எல்லாம் அறிந்தவர் என்பதையே தம் துணையாகப் பற்றிக்கொண்டார். கசந்த நினைவைத் தொட்டுப் பார்த்தும் அஞ்சி ஓடாத நிலை இதுவே. நேர்மையான ஆத்தும சோதனை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேறில்லை.

முத்துக்குளித்துறையில் ஒரு சிறு நூல்

கலிலேயா மீனவரின் இப்பாடத்தைத் தமிழ் மீனவர் கற்ற வரலாறு தனிச்சிறப்புடையது. 1535ஆம் ஆண்டு தொடங்கி முத்துக்குளித்துறைப் பரதவர் பெருந்திரளாகத் திருமுழுக்குப் பெற்றனர். ஆயினும் அவர்கள் மொழியில் மறைக்கல்வி அளிப்பார் இல்லை. 1542இல் அக்கடற்கரைக்கு வந்த புனித சவேரியார், இருமொழி அறிந்தோரின் துணையோடு விசுவாசப் பிரமாணம், பத்துக் கட்டளைகள், கர்த்தர் கற்பித்த செபம் முதலியவற்றோடு பொதுப் பாவ அறிக்கையையும் தமிழாக்கி, அதை மனப்பாடம் செய்து, ஊர் ஊராய்ச் சொல்லிக் கொடுத்தார். தமிழ்க் கத்தோலிக்கரின் முதல் மன்றாட்டுகளுள் ஒன்றாகவே பாவ அறிக்கை இவ்வாறு நம்மிடம் வந்து சேர்ந்தது.

சவேரியாருக்குப் பின் அப்பணியைத் தாங்கியவர் அண்டிரிக் அடிகளார். போர்த்துக்கல் நாட்டு விலா விசோசாவில் 1520இல் பிறந்தவர். யூத வழிவந்த குடும்பத்தினர் என்னும் காரணத்தால் பிரான்சிஸ்கு சபையில் அவரால் நீடிக்க இயலவில்லை. பிறப்பே குற்றமாகக் கருதப்பட்ட ஒருவரை 1545இல் இயேசு சபை ஏற்றுக்கொண்டது. மறு ஆண்டே இந்தியா வந்து, முத்துக்குளித்துறையில் அரை நூற்றாண்டுக்கும் மேலாக உழைத்து, 1600இல் இறைவனடி சேர்ந்தார். தமிழை முறையாகக் கற்று, அதற்கு இலக்கணம் வகுக்க முயன்ற முதல் ஐரோப்பியர் அவரே. 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’, 1579இல் கொச்சியில் அச்சான ‘கிரிசித்தியானி வணக்கம்’ ஆகியவற்றை நம் வாசகர் பலரும் அறிவர். மூன்றாம் நூலைப் பற்றி அறிந்தோர் சிலரே. 1580இல் கொச்சியில் அச்சான அந்நூலின் பெயர் ‘கொம்பெசியோனாயரு’. பாவசங்கீர்த்தனத்திற்கு ஆயத்தம் செய்ய உதவும் கையேடு அது. நெடுங்காலம் மறைந்துபோனதாகக் கருதப்பட்ட அதன் படியொன்று ஆக்ஸ்ஃபோர்டு நகரின் போட்லியன் நூலகத்தில் இருப்பது இருபதாம் நூற்றாண்டில் தெரியவந்தது.

தமிழ் எழுத்து அச்சேறிய மூன்றாம் ஆண்டுக்குள்ளேயே, மனிதன் தன் உள்ளத்தை ஆராய்வதற்கென ஒரு நூல் அச்சாயிற்று என்பது எண்ணி வியக்கத்தக்கது. அதன் அருமையை உணரவேண்டுமாயின் அதற்கு முந்திய நிலையை நினைக்கவேண்டும். மொழியறியாக் குருவிடம் ஒருவர் தம் பாவத்தைச் சொல்ல விரும்பினால், நடுவே துபாஷி ஒருவர் நிற்கவேண்டும். ஊராரில் ஒருவனாகிய துபாஷியின் காதில் விழாமல் இறைவனிடம் ஒரு சொல்லும் போகாது. அந்நிலையில் எந்தப் பெண் தன் மனக்குறையைச் சொல்வாள்? எந்த ஆண் தன் வஞ்சத்தைத் திறந்து காட்டுவான்? பாவத்தைக் காட்டிலும் ஊர்ப்பழியே மிகுதியாய் அஞ்சப்பட்டிருக்கும். குரு தமிழ் கற்றதும், உள்ளத்தை வினவும் நூல் தமிழில் வந்ததும் அந்த மூன்றாம் காதை அகற்றின. தன் தாய்மொழியில், தனக்குத் தானே, அஞ்சாமல் உண்மை பேசிக்கொள்ளும் வாய்ப்பு ஒரு மீனவனுக்கும் மீனவப் பெண்ணுக்கும் கிட்டியது.

இஞ்ஞாசியார் கண்ட படுகுழி

அண்டிரிக் அடிகளார் இயேசு சபைக் குரு. அச்சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார்தாம் ஆத்தும சோதனையின் நன்மையையும் அதன் ஆபத்தையும் ஒருசேரக் கண்டவர். 1521இல் பாம்பலோனாக் கோட்டைப் போரில் கால் முறிந்து, நோய்ப்படுக்கையில் மனம் மாறிய அவர், மறு ஆண்டு மொன்செராத் மலையில் மூன்று நாள் செலவிட்டுத் தம் வாழ்நாள் பாவங்களை எழுதி அறிக்கையிட்டார். அதன்பின் அமைதி கிட்டியிருக்க வேண்டும். மாறாக, மன்ரேசா நகரில் தங்கியபோது, எதையோ சொல்லாமல் விட்டுவிட்டோம் என்னும் ஐயம் அவரைப் பிடித்துக்கொண்டது. சொன்னதையே மீண்டும் சொன்னார். நுணுக்கி நுணுக்கிச் சொன்னார். சொல்லச் சொல்ல ஐயம் வளர்ந்ததேயன்றிக் குறையவில்லை. தம் அறையிலிருந்த ஒரு குழியில் விழுந்து உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணமும் எழுந்ததாக அவரே பிற்காலத்தில் சொல்லி எழுதுவித்தார்.

முடிவில் அவருக்குத் தெளிவு பிறந்தது. இவ்வுறுத்தல் தம்மை எங்கே இழுத்துச் செல்கிறது என்று கவனித்தார். இறைவனை விட்டும் வாழ்வை விட்டும் அகலச் செய்யும் எண்ணம் இறைவனிடமிருந்து வருவதாகாது என உணர்ந்தார். பழைய பாவங்களை மீண்டும் கிளறுவதை அன்றோடு விடுத்தார். 1548இல் திருத்தந்தை மூன்றாம் பவுல் ஒப்புதல் அளித்த ‘ஆன்மீகப் பயிற்சிகள்’ நூலில் அவர் வகுத்த ஆத்தும சோதனை ஐந்து படிகளைக் கொண்டது. முதற்படி, பெற்ற நன்மைகளுக்காக இறைவனுக்கு நன்றி கூறல். இரண்டாவது, தன்னை அறியும் வரம் வேண்டல். மூன்றாவதாகத்தான் அந்த நாளின் கணக்கைப் பார்த்தல் வருகிறது. அதன்பின் மன்னிப்புக் கேட்டலும் நாளைக்கென ஓர் உறுதி எடுத்தலும். தன்னை வெறுத்த துன்பத்தைத் தம் உடலிலேயே பட்டறிந்தவர் கணக்குப் பார்ப்பதை மூன்றாம் இடத்தில் வைத்தார். தான் அன்பு செய்யப்படுபவன் என்பதை உணராத ஒருவன் தன் குற்றத்தை உண்மையாய்ப் பார்க்க இயலாது. மறைப்பான், அல்லது மிகைப்படுத்துவான். இரண்டுமே பொய்.

நம் முன்னோரின் சொற்கள்

இவ்வுண்மையை நம் முன்னோர் தம் சொற்களிலும் பொதிந்து வைத்தனர். மலையாள மண்ணில் ‘கும்பசாரம்’ என்று போர்த்துக்கீசியச் சொல்லின் சாயலே நிலைத்தது. தமிழகத்தில் வழங்கிய பெயரோ பாவசங்கீர்த்தனம். சங்கீர்த்தனம் என்பது இறைவனின் பெருமையைப் பாடிப் புகழ்தலுக்கும் உரிய சொல். தன் பாவத்தைச் சொல்லும் இடம் இறைவனின் இரக்கத்தைப் புகழும் இடமும் ஆகும் என்பதை அச்சொல் நமக்கு உணர்த்துகிறது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப்பின் ஒப்புரவு அருட்சாதனம் என்னும் பெயர் நிலைபெற்றது. வள்ளுவப் பெருந்தகை ஊருக்கு உதவி வாழும் பண்புக்கு இட்ட பெயரும் ஒப்புரவு என்பதை நாம் மறத்தலாகாது.

இவற்றினும் ஆழ்ந்தது ‘உத்தம மனஸ்தாபம்’ என்னும் தொடர். முதல் நற்கருணைக்கு ஆயத்தம் செய்யும் சிறாரும் அதை அறிவர். இறையன்பினால் எழும் வருத்தம் ஒன்று, தண்டனை குறித்த அச்சம் முதலியவற்றால் எழும் வருத்தம் மற்றொன்று என்று 1551இல் திரிதெந்து பொதுச்சங்கம் இரண்டையும் பிரித்துக் காட்டியது. அச்சத்தால் எழும் வருத்தத்தையும் சங்கம் இகழவில்லை. அது ஒரு தொடக்கமாகலாம். ஆனால் உத்தமம் என்னும் அடைமொழி அன்பினால் எழும் வருத்தத்துக்கே உரியது. அன்பு முதிரும் இடத்தில் அச்சத்திற்கு இடமில்லை என்பதே யோவானின் முதல் திருமுகம் கற்பிப்பதும்.

நமக்கு அண்டையூரான திருவொற்றியூரும் இதையொத்த பாடம் ஒன்றைத் தருகிறது. 1823இல் பிறந்த இராமலிங்க அடிகளார், சென்னை ஏழுகிணற்றுப் பகுதியில் வாழ்ந்த இளமைக் காலத்தில் திருவொற்றியூர்க் கோவிலுக்கு அடிக்கடி சென்று வழிபட்டார். அங்கே அவர் பாடியவற்றுள் தம் நெஞ்சைத் தாமே கடிந்துகொள்ளும் பாடல்கள் பல. அவர் அத்தோடு நின்றுவிடவில்லை. 1867இல் வடலூரில் பசித்தோர்க்கு உணவிடும் தருமச்சாலையைத் தொடங்கினார். தன்னை நோக்கி அழுத கண்கள் பிறர் பசியைக் காணத் தொடங்கின. தன்னாய்வு நேர்மையானதா என்பதை அறிய இதையொத்த உரைகல் வேறில்லை. தன்னையே சுற்றிச் சுற்றி வரும் வருத்தம் மனிதனை முடக்கும். உண்மையான வருத்தம் அவனைப் பிறரிடம் அனுப்பும். இராயப்பரிடமும் ஆண்டவர் ஆடுகளை மேய்க்கும் பணியையே தந்தார்.

நமதும் நமதல்லாததும்

இங்கே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஆத்தும சோதனை நம் குற்றத்தை நமக்குக் காட்டுவதோடு, நம் குற்றமல்லாததையும் காட்டவேண்டும். சீலோவாமில் கோபுரம் இடிந்து பதினெட்டுப் பேர் மாண்டபோது, அவர்கள் மற்றவரினும் கொடிய பாவிகளோ என்று இயேசு கேட்டார். இல்லை என்று தாமே விடையும் பகர்ந்தார். அதேவேளையில் கேட்டுக்கொண்டிருந்தோரை மனந்திரும்பவும் அழைத்தார். இரண்டையும் அவர் ஒன்றோடொன்று குழப்பவில்லை. 2005ஆம் ஆண்டின் அந்த முதல் ஞாயிறில் குழப்பியவர் நாம். கடலடியில் நிலம் அசைந்ததால் எழுந்த அலைக்கு ஏழை மக்களின் நடத்தையைக் காரணமாக்கினோம்.

இந்தக் கரையில் வாழ்வோருக்கு இவ்வேறுபாடு வெறும் மறையியல் நுணுக்கம் அன்று. 2017ஆம் ஆண்டு சனவரி 28ஆம் நாள் எண்ணூருக்கு அப்பால் இரு கப்பல்கள் மோதிக் கடலில் எண்ணெய் பரவியபோது, எர்ணாவூர்க் கரையில் வாளிகளைக்கொண்டு அதை அள்ளினார்கள். 2023 திசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தில் படர்ந்தபோதும் மீனவர் வலையும் படகும் கறுத்து நின்றனர். அந்நாள்களில், “நாங்க என்ன பாவம் பண்ணோமோ, சாமி” என்று நம்மிடம் சொன்னோர் உண்டு. பிறர் செய்த தீங்கைத் தம் பாவத்தின் கூலியாகக் கொள்பவர் நீதி கேட்கவும் அஞ்சுவர். வீட்டில் அடிபடும் மனைவியும், தேர்வில் தோற்ற பிள்ளையும், ஆலை மூடியதால் வேலை இழந்த தந்தையும் இவ்வாறே தம்மைத் தாமே தண்டித்துக்கொள்வதைப் பார்க்கிறோம். அவர்களிடம் ஆத்தும சோதனை என்னும் பெயரால் மேலும் ஒரு சுமையை ஏற்றுவது மேய்ப்பனுக்கு அழகன்று. அதே நேரத்தில் குடியும் வட்டியும் வரதட்சணையும் நம்முடையவையே. அவற்றை ஊர்மேல் போட்டுத் தப்ப முயல்வதும் நேர்மையாகாது.

ஆகவே இத்தவக்காலத்தில் இல்லந்தோறும் ஒரு சிறு பழக்கத்தைத் தொடங்கலாம். இரவு செபமாலை முடிந்தபின் ஐந்து நிமிடம் அமைதியாயிருந்து, அன்று பெற்ற நன்மை ஒன்றை முதலில் நினைப்போம். பின்னர், இன்று நடந்தவற்றுள் எது என்னால் ஆனது, எது என்னால் ஆகாதது என்று வேறுபடுத்திப் பார்ப்போம். என்னால் ஆனதற்கு மன்னிப்புக் கேட்போம். என்னால் ஆகாததை இறைவன் கையில் வைப்போம். நாளை யாரிடம் போய் எதைச் சரிசெய்ய வேண்டும் என்பதை ஒரே வாக்கியத்தில் முடிவு செய்வோம். இதற்குப் பின்னும் மனம் பழையதையே கிளறிக் குத்துமாயின், இஞ்ஞாசியார் மன்ரேசாவில் செய்ததுபோல், இந்த எண்ணம் என்னை எங்கே இட்டுச் செல்கிறது என்று கேட்போம். நம்பத்தக்க ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்வோம். தேவையாயின் மருத்துவர் உதவியையும் நாணாமல் நாடுவோம்.

நாமும் ஒருநாள் இவ்வைந்து படிகளையும் ஏறவேண்டியதாயிற்று. அம்மறையுரைக்கு நான்கு ஆண்டுகள் கழித்து, வேறு பங்கிலிருந்து காசிமேட்டுக்கு ஒரு வேலையாய்ச் சென்றபோது, கூடையருகே அமர்ந்து மீன் விற்றுக்கொண்டிருந்த அத்தாயைக் கண்டோம். விலகிச் செல்லவே முதலில் கால்கள் முயன்றன. பின் அருகில் சென்று, அன்று நாம் சொன்னது தவறு என்றும், அவர் மகனின் சாவுக்கு அவர் பாவம் காரணமன்று என்றும், நம்மை மன்னிக்கவேண்டும் என்றும் கேட்டுக்கொண்டோம். அவர் சிறிது நேரம் பேசவில்லை. மீன்மேல் நீர் தெளித்தார். பிறகு சொன்னார்: “நானும் எத்தினியோ ராத்திரி கேட்டுப் பாத்துட்டேன் சாமி. புள்ளய கரைக்கு அனுப்புனது நான்தான். கடல அனுப்புனது நானில்ல. அத்த அவருகிட்டயே உட்டுட்டேன்.”

எவரும் எழுதிக் கொடுக்காத ஆத்தும சோதனையை அவர் தாமே செய்து முடித்திருந்தார். நாம் மன்னிப்புக் கேட்டதற்கு விடையாக, விலை வாங்காமல் ஒரு கூறு மீனைத் தாளில் சுற்றி நம் கையில் தந்தார். அன்று பங்கு இல்லத்தில் அதைக் கரியடுப்பில் சுட்டு உண்டபோது, திபேரியாக் கரையின் காலை உணவு நம் நினைவுக்கு வந்தது.